ஹிலாராவைப் படித்தது யார்?

‘அன்புள்ள திரு. பரமசிவம்’ என்று தொடங்கியது மின்னஞ்சல்.

அப்பாவுக்கு வந்தது வழிதவறித் தன் போனில் வந்து விழுந்துவிட்டதோ என்றுதான் வினிதா முதலில் நினைத்தாள். அப்புறம் யோசித்தால், அப்பாவுக்கு ஐரோப்பாவிலிருந்து யார் ஆங்கிலத்தில் கடிதம் போடப்போகிறார்கள்? கம்பெனி கேன்டீனில் பன்னிரண்டரை மணிப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் புளிசாதம், ஓரமாக உடைந்த அப்பளம். இடது கையால் திரையைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். படிக்கப் படிக்க, சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த வலது கை அதை இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது.

“என்னாடி, புளிசாதத்துல கொழுக்கட்டை புடிச்சிகினு இருக்க?” என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த ரேவதி. ஜவளகிரியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். வினிதாவோடு ஒரே மேஜையில் வேலை.

வினிதா போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆராய்ச்சி இதழில் வரப்போகிற பக்கத்தின் மாதிரி அது. நடுவில் ஒரு உடைந்த கல்லின் படம். படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: இறந்தவளின் பெயர் ஹிலாரா. முதன்முதலில் படித்தவர்: வி. பரமசிவம்.

“ஏமே, இது நீ படிச்ச கல்லுதான? பஸ்ல துப்பட்டாவைத் தலைமேல போத்திகினு படிச்சியே?”

“அதேதான்.”

“பரமசிவம் யாரு?”

“எங்கப்பா.”

“உங்கப்பா எப்ப படிச்சாரு?”

“அதைத்தான்டி நானும் கேக்கறேன்!” வினிதா கத்தியதில் மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் முனிவேல் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு வருசம் ரேவதி. ரெண்டு வருசமா நான் கண்ணைப் பிச்சிக்கிட்டுப் படிச்சேன். அந்த மனுசன் அந்தக் கல்லை ஒருதரம் பார்த்தது கூடக் கிடையாது. இதுல ‘திரு’ வேற!”

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்கிற அந்தத் தொழிற்சாலையில் வினிதாவுக்கு வேலை, வெளியிலிருந்து வருகிற வார்ப்பிரும்புக் காஸ்டிங்குகளைச் சோதித்து உள்ளே அனுப்புவது. ஒவ்வொரு காஸ்டிங்கின் மேலும் எந்த நாள் உருக்கிலிருந்து அதை ஊற்றினார்கள் என்று சொல்லும் ஒரு எண் புடைப்பாக இருக்கும். ஹீட் நம்பர் என்பார்கள். மணலடித்துச் சுத்தம் செய்கையில் பாதி எண் தேய்ந்து போய்விடும். மற்றவர்கள் அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, “நம்பர் இல்லீங்க” என்று ஒதுக்கிவிடுவார்கள். வினிதா தூக்கிப் பிடிக்க மாட்டாள். ஒரு அட்டையால் மேல் வெளிச்சத்தை மறைத்து, பேனா டார்ச்சை இரும்போடு இரும்பாகப் படுக்கவைத்து, பக்கவாட்டில் அடிப்பாள். தேய்ந்த எழுத்து வெளிச்சத்தில் தெரியாது. அதன் நிழல் தெரியும். “அந்தப் பொண்ணு கண்ணுல என்னமோ மெஷினு வச்சிருக்குது” என்று முனிவேலே ஆடிட்டருக்கு முன்னால் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கண்ணைத்தான் அவள் ரோமாபுரிக்குக் கொடுத்தாள்.

தமிழ்நாட்டு மண்ணில் ரோமானியக் காசு கிடைத்த கதையை எங்கோ ஒரு வீடியோவில் பார்த்தது ஆரம்பம். காசிலிருந்து கல்லுக்குப் போனாள். உலகம் முழுவதும் உள்ள ஆர்வலர்கள், அருங்காட்சியகங்களில் கிடக்கிற பழைய ரோமானியக் கல்லறைக் கற்களின் படங்களைப் பார்த்து எழுத்துகளைப் படித்துக் கொடுக்கிற ஒரு இணையதளம் கண்ணில் பட்டது. சேர்ந்துகொண்டாள். ராஜாக்களை அவள் தொடவே இல்லை. “அவனுங்களுக்கு ஆளு நிறைய இருக்காங்க” என்பாள். அவளுக்கு வேண்டியது பேர் தெரியாத ஆட்கள்: ரொட்டி சுட்டவன், துணி வெளுத்தவன், யாருக்கோ பிள்ளை வளர்த்தவள்.

படிக்கப் படிக்கத்தான் கோபம் வந்தது. அந்தக் காலத்து ரோமில் ஒரு வீட்டில் மூன்று பெண் பிறந்தால் மூன்றுக்கும் அப்பனுடைய குலப்பெயர்தான். வித்தியாசம் தெரியப் பெரியவள், இரண்டாமவள், மூன்றாமவள். அடிமை என்றால், பழைய நாளில் எஜமான் பெயரைச் சொல்லி ‘மார்க்கஸின் பையன்’ என்பதே அவனுக்குப் பெயர். அறுபது வயதானாலும் பையன்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் திருப்பிப் போட்ட சி. அதைப் பற்றி அவள் பஸ்ஸில் ரேவதியிடம் பொரிந்து தள்ளியதை முன்சீட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

“ஒரு அடிமையை விடுதலை பண்ணா, யாரு விடுதலை பண்ணாங்கன்னு கல்லுல போடுவாங்க. ஆம்பளைன்னா அவன் பேரோட எழுத்தைப் போடுவான். பொம்பளை விடுதலை பண்ணியிருந்தா? சி எழுத்தைக் கண்ணாடில பாக்கற மாதிரி திருப்பிப் போட்டுருவான். எந்தப் பொம்பளையா இருந்தாலும் அதே திருப்பின சி தான். ‘யாரோ ஒரு பொம்பளை’ன்னு அர்த்தம். அவ்ளோதான்!”

“எங்க மாமனாரு எங்க அத்தையை அம்பது வருசமா ‘ஏமே’ன்னுதான் கூப்புடுறாரு” என்றாள் ரேவதி. “அதுவும் திருப்பிப் போட்ட சி தான் போல.”

அப்படிப்பட்ட கல்தான் இது. இத்தாலியில் ஒரு சின்ன ஊர் அருங்காட்சியகத்தின் பின்சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். முதல் வரி தெளிவாக இருந்தது: ‘வெட்டியா’, பிறகு திருப்பிப் போட்ட சி, பிறகு விடுதலை பெற்றவள் என்பதற்கான எழுத்து. இரண்டாம் வரி மழையில் கரைந்திருந்தது. பட்டியலில் நூறு வருஷமாக ஒரே குறிப்பு: வெட்டியா, ஒரு பெண்ணால் விடுதலை செய்யப்பட்டவள், சொந்தப் பெயர் படிக்க இயலவில்லை.

“வெட்டியாவா? அப்படிக்கூட பேரு வப்பாங்களா?” என்று ரேவதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அது அவ பேரே இல்லடி. எஜமானியோட குடும்பப் பேரு. விடுதலை ஆனப்புறமும் அதைத்தான் முன்னாடி மாட்டிக்கணும். அவளைக் கூப்புட்ட பேரு கடைசில வரும். அது இந்த ரெண்டாவது வரில இருக்கு.”

“அதையும் அந்த எஜமானிதான வச்சிருப்பா?”

“வச்சிருக்கலாம். ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட்டாத்தான் அவ திரும்பிப் பார்த்திருப்பா.”

படம் பளிச்சென்று நேரே விளக்கடித்து எடுத்தது. டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்த காஸ்டிங் மாதிரி. அதில் ஒன்றும் தெரியாது. வினிதா அந்த அருங்காட்சியகத்துக்கு எழுதினாள். ஏழு தடவை எழுதினாள். எட்டாவது தடவை அங்கே காவல் வேலை பார்க்கிற ஒரு பெண்மணி பதில் போட்டாள். மொழி தெரியாமல், போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து வினிதா சொன்னது இதுதான்: விளக்கை அணையுங்கள், டார்ச்சைக் கல்லோடு கல்லாகப் படுக்க வையுங்கள், மெதுவாக நகர்த்துங்கள். நாற்பது விநாடி வீடியோ வந்தது. பஸ்ஸில், துப்பட்டாவைத் தலைமேல் போர்த்தி இருட்டாக்கிக்கொண்டு பார்த்தாள். ஏதோ லவ் லெட்டர் என்று பின்சீட்டில் கிண்டல் செய்தார்கள். டார்ச் இடப்பக்கம் போனபோது இரண்டு கால் நின்றது, நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. எச். அப்புறம் ஒரு நேர்கோடு, ஐ. அப்புறம் எல். பாதி உடைந்த ஏ. ஆர். ஏ.

ஹிலாரா. சிரித்த முகக்காரி என்று பொருள்.

அந்த இடத்தில் வினிதா கத்திய கத்தலில் டிரைவர் பிரேக் போட்டார். அன்றிரவே இணையதளத்தில் பதிந்தாள்; அங்கே புதிதாகப் படித்துக் கொடுப்பதை ஒரு ஆராய்ச்சி இதழ் எடுத்து அச்சிடும்.

இவ்வளவும் செய்தது பரமசிவமாம்!

தப்பு எங்கே நடந்தது என்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து தேடினாள். கிடைத்தது. அந்த இணையதளத்தில் சேர்ந்த அன்று படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்தது. முதல் கட்டத்தில் வினிதா. இரண்டாவதில் இனிஷியல் ‘பி’. குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று கட்டம் சிவந்தது. பஸ் ஸ்டாப் வந்துவிட்ட அவசரம். நம் ஊரில் எல்லாரும் செய்கிறதைத்தான் செய்தாள்: இனிஷியலை விரித்து அப்பா பெயரை அடித்துவிட்டு இறங்கிவிட்டாள். அந்த ஊரில் கடைசிப் பெயர்தான் ஆளுடைய பெயர், முதல் பெயர் வீட்டில் கூப்பிடத்தான் என்று யாருக்குத் தெரியும்? தன் கையாலேயே தனக்கு முன்னால் ஒரு வெட்டியாவை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டில் அப்பா அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்றிருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஓசூரில் ஒரே கம்பெனியில், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இருபத்தாறு வருஷம். அம்மா வீரலட்சுமி ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு அடுக்குகிறவள். அவளும் வந்து, விரலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“என்னளா, மூஞ்சி இப்படித் தொங்குது?” என்றார் பரமசிவம்.

“பாருங்கப்பா இந்த அநியாயத்தை!” என்று போனை நீட்டினாள். அவர் கோபப்படுவார், ‘எம் மவ படிச்சதுக்கு எம் பேரையா போடுதான்?’ என்று குதிப்பார் என்றுதான் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். “ப-ர-ம-சி-வம். ஏ, எம் பேருல்லா!” ஈரத்துண்டோடு உட்கார்ந்துவிட்டார். “வீரலட்சுமி, இங்க வாயேன். வெளிநாட்டுப் புஸ்தகத்துல எம் பேரு போட்டுருக்கான் பாத்தியா?”

“அப்பா, படிச்சது நான்.”

“நீதாம்ளா படிச்ச. யாரு இல்லேங்கா? நீ யாரு, எம் மவ. எம் பேரு வந்தா ஒம் பேரு வந்த மாதிரித்தான்.”

“அப்ப என் பேரு வந்தா உங்க பேரு வந்த மாதிரிதான? அதையும் சொல்லுங்களேன்.”

“இந்த ஊருல பொறந்து வளந்ததுல வாயி மட்டும் நல்லா நீண்டுபோச்சு” என்றார்.

“வெட்டி வேலைன்னு சொன்னீங்களே. செத்துப்போனவ பேரைத் தேடி உனக்கு என்ன கிடைக்கப் போவுதுன்னு கேட்டீங்களே. ஒரு நாள் கோவத்துல வைஃபையைப் புடுங்கிப் போட்டது யாரு?”

“அது அப்பம் சொன்னது” என்றார் அப்பா. பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: “இருவத்தாறு வருசமா சட்டையில டோக்கன் நம்பரைத்தான் குத்தியிருக்கேன். எம் பேரை எவனும் அச்சுல போட்டதில்லளா.”

வினிதாவுக்கு இன்னும் கோபம் வந்தது. அது அவருடைய கம்பெனி செய்த அநியாயம். அதற்குப் பரிகாரம் அவளுடைய கல்லிலிருந்தா எடுக்க வேண்டும்?

அவள் மூஞ்சி கழுவி வருவதற்குள் அவர் அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம்பிடித்துத் தெக்கத்தி மக்கள் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். ‘வாழ்த்துகள் அண்ணாச்சி’ என்று வரிசையாக வந்து விழுந்தது. கூப்பிய கைகள், பூங்கொத்துகள், ஒருவர் சிங்கத்தின் படம். ஏழு மணிக்குள் சங்கச் செயலாளர் மாடசாமி போனில் வந்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அப்பா பேசினார்.

“அண்ணாச்சி, இப்படி ஒரு வெசயத்தை அமுக்கி வச்சிருக்கீயளே! ஞாயித்துக்கெழமை நம்ம ஆண்டு விழா. ஒங்களுக்குப் பொன்னாடை போடுதோம். கமிட்டியில பேசியாச்சு.”

“அதெல்லாம் எதுக்குவே…” என்று அப்பா இழுத்தார்.

‘படிச்சது எம் மவ’ என்று அடுத்த வாக்கியத்தில் சொல்வார் என்று வினிதா காத்திருந்தாள். “எத்தன மணிக்கு?” என்று கேட்டார் அவர்.

அன்றே ஆசிரியருக்கு எழுதினாள். இதழின் ஆசிரியர் பேராசிரியர் கே. லிண்ட். ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அங்கேயும் ஒரு எழுத்தும் குடும்பப் பெயரும்தான். பரமசிவம் என் அப்பா, கல்லைப் படித்தது நான், என் பெயர் வினிதா, அதை மட்டும் போடுங்கள் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. மரியாதையான பதில். அதனாலேயே இன்னும் எரிச்சலாக இருந்தது. எங்கள் முறைப்படி முதல் பெயரில் ஒரு எழுத்தும் குடும்பப் பெயரும்தான் அச்சாகும். இணையதளத்தில் உங்கள் பக்கத்தில் கடைசிப் பெயராக என்ன இருக்கிறதோ அதை இயந்திரமே எடுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை காலை வரை நீங்களே அதைத் திருத்தலாம். அதற்குப் பிறகு முடியாது. உங்கள் குடும்பப் பெயர்தான் என்ன?

“குடும்பப் பேராம்! இருந்தாத்தான சொல்றதுக்கு?” என்று வினிதா டிபன் பாக்ஸ் மூடியை மேஜையில் அடித்தாள்.

கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தாள். சிவந்தது. ஒரு கோடு போட்டாள். சிவந்தது. ‘பி’ என்று மறுபடி போட்டாள், இரண்டு வருஷத்தில் புத்தி வந்திருக்குமோ என்று. சிவந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு யோசனை வந்தது. அம்மாவிடம் போனாள். “அம்மா, உன் பேரைப் போட்டுக்கட்டுமா? வீரலட்சுமின்னு போட்டா ஏத்துக்குது.”

வீரலட்சுமி கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்: “போட்டா புஸ்தகத்துல என்னன்னு வரும்?”

“படிச்சவர் வி. வீரலட்சுமின்னு வரும்.”

“நான் எங்கட்டி படிச்சேன்? அந்தக் கல்லு கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. நான் படிக்காததை நான் படிச்சேன்னு போட்டா அது பொய்யில்லையா?” என்றாள் அம்மா. “ஒங்க அப்பாவுக்குத்தான் வெக்கம் இல்ல. எனக்குமா இல்ல?”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு பிளக்ஸ். நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட பரமசிவம். அவருக்கு இடப்பக்கம் ஈட்டி பிடித்த ரோமானியப் போர்வீரன், வலப்பக்கம் இடிந்த விளையாட்டு அரங்கம். கீழே பெரிய எழுத்தில்: ‘ரோமாபுரிக் கல்வெட்டையே வாசித்த எங்கள் அண்ணாச்சி’. அதற்கும் கீழே கமிட்டிக்காரர்கள் பதினெட்டுப் பேருடைய வட்ட வட்டத் தலைகள். பதினெட்டுப் பேருக்கும் பெயர் போட்டிருந்தது. ஹிலாராவுக்கு இடம் இல்லை. கல்லின் படம்கூட இல்லை. வரமாட்டேன் என்றுதான் வினிதா இருந்தாள். கூட வந்திருக்கிற ரேவதிதான், “நீ வூட்ல குந்திகினு அழுதா யாருக்குடி தெரியப் போவுது? வந்து நேர்ல முறைச்சியாவது பாரு” என்று இழுத்து வந்தாள்.

வரவேற்புரை, ஆண்டறிக்கை, பிள்ளைகள் நடனம் எல்லாம் முடிந்து பொன்னாடை வந்தது. பரமசிவம் மேடையில் கூச்சத்தோடு குனிந்து வாங்கிக்கொண்டார். கைதட்டல் ஓய்ந்ததும் மாடசாமி மைக்கை அவர் கையில் திணித்தார். “அண்ணாச்சி, எப்படிப் படிச்சீய, என்ன படிச்சீய, நாலு வார்த்தை சொல்லுங்க. பிள்ளைய எல்லாம் கேக்கட்டும்.”

பரமசிவம் தொண்டையைச் செருமினார். “எல்லாருக்கும் வணக்கம். அது வந்து… ரெண்டாயிரம் வருசத்துக் கல்லு. தேஞ்சு போயிருந்துச்சு. வெளிச்சத்தை இப்படிச் சாய்ச்சுப் புடிச்சா எழுத்து தெரியும். அதுல ஒரு பொம்பளை பேரு இருந்துச்சு. அடிமைப் பொம்பளை.”

“பேரு என்ன அண்ணாச்சி?” என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

பரமசிவம் விட்டத்தைப் பார்த்தார். பொன்னாடையின் ஓரத்தைத் திருகினார். “பேரு… நல்ல பேருதான். நம்ம வாயில நொழைய மாட்டேங்கு.” ஒரு விநாடி திணறிவிட்டு, மகள் வாயில் கேட்டு நினைவில் நின்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டார். “வெட்டியான்னு வச்சுக்கோங்களேன்.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. “வெட்டியாவா!” என்று பின்னாலிருந்து ஒருவர் திரும்பச் சொல்ல, இன்னொரு சிரிப்பு அலை எழுந்தது.

இவ்வளவு நேரம் தன் பெயருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வினிதாவுக்கு அந்தச் சிரிப்பில் தன் பெயர் மறந்தே போனது. இரண்டாயிரம் வருஷம் மழையில் கிடந்த பெயர். ஏழு கடிதத்துக்குப் பதில் இல்லாமல் எட்டாவது எழுதி எடுத்த பெயர். எடுத்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் மறுபடி அவளை எஜமானி பெயருக்குள் தள்ளி மூடி, மேலே ஏறி உட்கார்ந்து சிரிக்கிறார்கள்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து நின்றாள்.

“ஹிலாரா!”

மைக் இல்லாமலே மேடைவரை கேட்டது. சிரிப்பு நின்றது. தலைகள் திரும்பின.

“அவ பேரு ஹிலாரா. வெட்டியா அவளை வச்சிருந்த குடும்பத்துப் பேரு. நூறு வருசமா எல்லாரும் அந்தப் பேரைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க. நீங்களும் அதையே சொன்னா, நான் படிச்சதுக்கு என்னப்பா அர்த்தம்?”

“யாரும்மா அது?” என்று மாடசாமி நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “அண்ணாச்சி பொண்ணா? உக்காரு தாயி, அப்பா பேசி முடிக்கட்டும்.”

“அவரு முடிக்க முடியாது அண்ணாச்சி. அவருக்குத் தெரியாது. படிச்சது நான்.”

“உண்மைதாங்க!” என்று பக்கத்திலிருந்து ரேவதி எழுந்தாள். “நான் சாட்சி. எங்க பஸ்ஸு பூரா சாட்சி. இவ கத்துன கத்துல டிரைவரு நடுரோட்ல வண்டியை நிறுத்திட்டாரு.”

மண்டபத்தில் முணுமுணுப்பு பரவியது. மாடசாமி தன் கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தார், பிளக்ஸ் இருக்கிற வாசல் பக்கம் பார்த்தார், பிறகு பரமசிவத்தைப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, பிள்ளை என்னமோ சொல்லுது?”

பரமசிவம் மைக்கைப் பிடித்தபடி நின்றார். காது மடல் சிவந்திருந்தது. மகளைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, வீட்டுக்கு வா பேசிக்கிறேன் என்பதும் இருந்தது. வினிதா உட்காரவில்லை. மூன்றாவது வரிசையில் வீரலட்சுமி முள் குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம் மவதான் படிச்சா” என்றார் அவர்.

“பேரைச் சொல்லுங்க” என்றாள் வினிதா.

“வினிதா” என்றார். மைக்குக்கு வெளியே போய்விட்டது.

“கேக்கல அண்ணாச்சி, கொஞ்சம் வாய்க்குப் பக்கத்துல வச்சுச் சொல்லுங்க” என்றார் மாடசாமி.

பரமசிவம் மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டார். “வினிதா!” என்றார். ஸ்பீக்கர் கிரீச்சிட்டது. வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, பக்கப்படி வழியாக இறங்கிப் போனார்.

கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. வீரலட்சுமி மட்டும் தட்டினாள். அப்புறம் ரேவதி. அப்புறம் மண்டபம்.

வீட்டுக்கு அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து திரும்பினாள். மன்னிப்புக் கேட்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. அவருக்கும் இல்லை போலிருந்தது. ஒரு சிக்னலில் நிற்கும்போது, திரும்பாமலே கேட்டார்: “ஹி… ஹிலாரா. சரியா?”

“சரி.”

“கஷ்டமான பேரு ஒண்ணுமில்ல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கியரைப் போட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் வினிதா. பேராசிரியர் லிண்டுக்கு எழுதினாள். நீங்கள் வாழ்க்கை முழுக்கத் திருப்பிப் போட்ட சி-யைப் படிக்கிறவர், அதன் பின்னால் ஒளிந்த பெண்கள் யார் என்று தேடுகிறவர், உங்கள் படிவமே எனக்கு அதைச் செய்தால் எப்படி என்று கேட்டாள். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர் முன்னால் ஒரு எழுத்தாக நிற்கும், ஆள் என்பது அந்த எழுத்துக்குப் பின்னால் வருவது, அதை வெட்டி எறிந்துவிட்டால் நான் இல்லை என்று எழுதினாள். இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை என்று முடித்தாள். பிறகு படிவத்தைத் திறந்தாள். முதல் பெயர்: வினிதா. கடைசிப் பெயர்: பரமசிவம். அந்தக் கடைசிக் கட்டத்தை அழித்தாள். கட்டம் சிவந்து காத்திருந்தது.

மேடையில் அப்பா இரண்டு தடவை சொன்னது காதில் கேட்டது. கேட்காமல் ஒரு தடவை, கேட்கும்படி ஒரு தடவை.

கடைசிப் பெயர் கட்டத்திலும் வினிதா என்றே அடித்தாள். சிவப்பு மறைந்தது. ஏற்றுக்கொண்டது.

திங்கட்கிழமை கேன்டீனில் மறுபடி புளிசாதம். பதில் வந்திருந்தது. ‘அன்புள்ள வினிதா’ என்று தொடங்கியது. நீங்கள் சொன்னது உறைத்தது, எங்கள் படிவத்தை மாற்றச் சொல்லி நானே கேட்கப்போகிறேன் என்று இருந்தது. கீழே கே. லிண்ட் என்று இல்லை, ‘கரின்’ என்று மட்டும் கையெழுத்து. பொம்பளைதான். கூடவே புதிய பக்கம்.

ரேவதி போனைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தாள். “இறந்தவளின் பெயர் ஹிலாரா. முதன்முதலில் படித்தவர்: வி. வினிதா.” நிறுத்தி, புருவத்தைத் தூக்கினாள். “ஏமே, உன் இனிஷியலு பி தான? இந்த ‘வி’ யாரு?”

வினிதா அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டாள்.

“அதுவும் நான்தான்.”